ஒரே ஊரில் பதினோராயிரம் தடவை

"ஒரே மாசத்துல பதினோராயிரம் தடவை போட்டிருக்காங்க சார். அத்தனையும் ஒரே ஊர்ல" என்றாள் இசைப்பதிவுச் சங்கத்து அலுவலகப் பெண்.

பாடகர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முப்பது வருட இசை வாழ்க்கையில் அவர் பாடி வெளிவந்தது ஒரே ஒரு பாட்டு. அதுவும் ஏற்கெனவே ஒன்பது பேர் பாடித் தீர்த்த பழைய பாட்டு.

வேறு யாராவது பாடியது தன் பெயரில் ஏறியிருக்குமோ என்று, இல்லாத அடக்கத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு குறியீடு உண்டு. ஒரே பாட்டைப் பத்துப் பேர் பாடினால் பத்துக் குறியீடு. எந்தப் பதிவை எங்கே போட்டாலும் அதன் குறியீடு சங்கத்துக்கு வந்து சேர்ந்துவிடும். தப்ப முடியாது.

"மத்த ஒன்பது பேரை அங்க யாரும் சீண்டக்கூட இல்ல சார். உங்களை மட்டும்தான்."

எந்த இடம் என்று கேட்டார். விமான நிலையம் என்றாள்.

அவர் தொண்டையைச் செருமினாலே கடையில் ஏதாவது வாங்க வேண்டியது மனைவிக்கு நினைவுக்கு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அன்று கிளம்ப வழியில்லாதபடி வாசலை மறித்து நின்று, சங்கத்தின் தாளை அவள் முன் நீட்டினார். ரசனை உள்ளவர்கள் வெளியூரில்தான் இருக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லியும் வைத்தார்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாவம், விமானத்துக்குக் காத்திருக்கிறவங்க. நடுவுல எழுந்து போகவும் முடியாதே."

அடுத்த வாரமே அவர் புதுச்சட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுக்க இருபத்தைந்து புகைப்படங்களுமாகப் பேருந்து ஏறினார். ஐந்து மணி நேரப் பயணம். கூட்டம் சூழ்ந்துகொண்டால் எப்படிச் சிரிப்பது என்று ஜன்னல் கண்ணாடியில் பழகிக்கொண்டே போனார்.

பயணிகள் கூடத்தில் பாட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. நாலைந்து பேர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். விசாரணை மேஜையில் பாட்டைச் சொன்னதும் அங்கிருந்தவர் யாருக்கோ போன் செய்தார். காவலர் ஒருவர் வந்து அவரை ஜீப்பில் ஏற்றி, கட்டடத்தைச் சுற்றி, ஓடுபாதை ஓரத்தில் இருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். முக்கியமானவர்களுக்குத் தனி வழிதான் போலிருக்கிறது என்று பாடகர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவர் யாரென்று தெரிந்ததும் அறையிலிருந்த அதிகாரி எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாளாக நேரில் நன்றி சொல்லக் காத்திருந்தாராம். ஒலிக்கருவிக்கு மேலே சுவரில், கொட்டை எழுத்தில் அந்தப் பன்னிரண்டு இலக்கக் குறியீடு. கீழே சிவப்பு மையில், 'இது மட்டுமே.'

பாடகருக்குக் கண் கலங்கியது. அந்தப் பதிவின் மேல் ஏன் இத்தனை பிரியம் என்று கேட்டார்.

"நடந்ததைச் சொல்றேன் சார். புதுசா வந்த ஒருத்தர் தெரியாம, இதே பாட்டை வேற ஒருத்தர் பாடினதைப் போட்டுட்டார். அன்னைக்கு ஒரு மணி நேரம் ஒரு விமானம்கூட இறங்க முடியல."

"என் குரல் இல்லாததாலயா?"

"ஆமா சார். ஓடுபாதையில இருந்த கொக்கு, பருந்து எல்லாம் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்துச்சு. நீங்க பாடினாத்தான் ஒண்ணு விடாம பறந்து ஓடுது."