தொட்டிக்குள் நீர்மட்டம்

ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைக் குடிசையில் தங்க வருகிறவர்கள் முதலில் வெளியே நிற்கும் மழைநீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தால், ‘டங்’ என்ற சத்தம் ‘டொக்’ ஆகும் இடம்தான் நீர்மட்டம்.

“பாலைவனத்தைக் கரைச்சுக் குடிச்சவன் நான்” என்று சொல்லி, நாங்கள் இருவரும் மலையேறக் கிளம்பியபோது ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர் போதுமென்று முடிவெடுத்தவர் ட்ரெவர். ஊரில் தலைமைப் பண்பு வகுப்பெடுக்கிறவர். நண்பகலில் குடிசைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு புட்டியும் காலி. அடுத்த தண்ணீர் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி. அந்த வெயிலில் நடந்தால் போய்ச் சேரமாட்டோம்.

ட்ரெவர் தட்டினார். பாதித் தொட்டி இருந்தது. குழாயைத் திறந்தேன், ஒரு சொட்டும் விழவில்லை.

“யோவ், மிச்ச பாலைவனத்தையும் கரைச்சுக் குடிக்க வேண்டியதுதான்” என்றேன்.

முறைத்துவிட்டு மறுபடி தட்டினார். இப்போது முக்கால் தொட்டி. மழை பெய்து எட்டு மாதமாகிறது. மூன்றாம் முறை, விளிம்புவரை ‘டொக்’. அவர் கையை எடுத்த பிறகு, உள்ளேயிருந்து யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.

காலையிலிருந்து வாய் மூடாத ட்ரெவர் தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிக்கணுங்க. ஆள் இருக்கீங்கன்னு தெரியாது. கொஞ்சம் தண்ணி மட்டும்...”

நான் மூடாமல் விட்டிருந்த குழாயில் தண்ணீர் வந்தது. அது உடம்புச் சூட்டில் இருந்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் குடித்தோம்.