மாரியாயியின் வேலி

“இது அரசாங்க நிலம், மாரியாயி. உன் வீட்டுக் கொல்லை இல்ல!”

கமலநாதன் போட்ட சத்தத்தில் மண்டபத்தில் கூட்டத்துக்கு வந்திருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரியாயி எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். தனிக்கட்டை.

“தெரியும்ணே. ஆனா வேலிய எடுக்க முடியாது.”

“ஏன் முடியாது?”

“முடியாதுண்ணே.”

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னா பேராச லா இந்த அக்காவுக்கு!” என்றாள் பின்வரிசையில் இருந்த ஷாமினி. சிலர் சிரித்தார்கள்.

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி நீளமாகக் கிடந்தது அந்த நிலம். வடிகால் இலாகாவுடையது. இடுப்பளவு லாலான் புல். அதில் ஒரு நடைபாதையும் நாலு பெஞ்சும் வேண்டும் என்று மூன்று வருஷமாக மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கமலநாதன்.

வெறும் பெயருக்காக இல்லை. நடக்க வேறு இடம் இல்லாமல் மெயின் ரோட்டோரம் நடந்துகொண்டிருந்த, அதே குடியிருப்பிலிருக்கும் விஷ்ணுப்ரியாவின் அப்பாவை ஒரு லோரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. ஓடிப்போய்த் தூக்கியவர் கமலநாதன்தான். மனுஷன் அவர் மடியிலேயே போய்ச் சேர்ந்தார்.

ஒருவழியாக இலாகா சம்மதித்தது. ஒரே நிபந்தனை: நிலத்தில் யாருடைய ஆக்கிரமிப்பும் இருக்கக்கூடாது.

ஆக்கிரமிப்பு என்றால் மாரியாயியின் தோட்டம்தான். அத்தனை வருஷம் சும்மா இருந்தவள், திடீரென்று ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி போட்டு, பாகற்பந்தல், மரவள்ளி, முருங்கை என்று வளைத்துக்கொண்டாள்.

“பக்கத்து வீட்டுக்காரி. என் மூஞ்சிக்காகவாச்சும் விட்டுக்கொடுக்கக் கூடாதா?” என்று மனைவியிடம் பொருமினார் கமலநாதன்.

புஷ்பவல்லிக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து படுக்கைதான். மாடி ஏற முடியாதென்று வீட்டின் பின்பக்கம் ஓர் அறையை இழுத்துக் கட்டி, கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார். வேலை முடிந்து வரும் மாரியாயி அந்த ஜன்னலில் நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். நாள் முழுக்க புஷ்பவல்லி காத்திருப்பது அதற்குத்தான்.

“பா...வம்...” என்றாள் புஷ்பவல்லி.

“என்ன பாவம்? நாலு முருங்கக்காய்க்காக ஊரையே ரோட்டுல நடக்க விடுறா!”

அன்றைக்கே புகார் எழுதினார். மாரியாயியின் பெயர், வீட்டு எண், வேலியின் படம், எல்லாம் சேர்த்து.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தூறலோடு இலாகாவின் லோரி வந்தது. பின்னாலேயே மண்வாரி இயந்திரம். வேலியும் பந்தலும் ஒரே இழுப்பில் சரிந்தன. மாரியாயி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் முருங்கை மரத்தை நெருங்கியபோதுதான் ஓடி வந்தாள்.

“அண்ணே, அந்த மரத்த மட்டும் விடச் சொல்லுங்க. மத்ததெல்லாம் போகட்டும்.”

“பாதை போற இடம் மாரியாயி. உனக்கொரு சட்டம், ஊருக்கொரு சட்டமா?”

மரம் வேரோடு சாய்ந்தது.

லோரியில் வந்திருந்த நில அளவை அதிகாரி முகமது ரஃபீக் குழியில் குனிந்து மண்ணைத் துடைத்தான்.

“இந்தா இருக்கு! பழைய எல்லைக்கல். இது கிடைக்காமதான் இந்தப் பக்கம் இத்தன நாளா சரியா அளக்க முடியல.”

கல்லிலிருந்து கயிறு பிடித்தார்கள். மாரியாயியின் வீட்டைத் தாண்டி நேராக வந்த கயிறு, கமலநாதன் வீட்டுப் பின்சுவரில் முட்டி நின்றது.

ரஃபீக் கையிலிருந்த வரைபடத்தை ரெண்டு தடவை பார்த்தான்.

“அங்கிள்... இந்த ரூம் ஏழடி அரசாங்க நிலத்துல இருக்கு. உடைக்கணும். நோட்டீஸ் வரும்.”

கமலநாதன் திரும்பித் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். ‘பின்னால கொஞ்சம் இழுத்துக்கலாம், யார் வந்து அளக்கப் போறா’ என்று அறை கட்டிய கொந்தராக்டர் சொன்னதும், தான் தலையாட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

“உள்ள என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருக்கா தம்பி...”

“கஷ்டமாதான் இருக்கு அங்கிள். ஆனா ஓரடிகூட யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு உங்க புகார்லயே எழுதியிருக்கீங்க.”

சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு அவர்கள் போனார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து புஷ்பவல்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரியாயி சேற்றில் கிடந்த கம்பிகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கமலநாதன் மெல்ல அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“இந்தக் கல்லு இங்க இருக்குன்னு உனக்கு முன்னயே தெரியுமா?”

“ரூம் கட்டுறப்பவே பாத்தேண்ணே. கல்லு தெரிஞ்சா ரூம உடைச்சிருவாங்க, அப்புறம் அக்காவ எங்க படுக்க வைப்பீங்க? அதான் மரத்த நட்டு வேலியும் போட்டேன்.”

“கூட்டத்துல வேணாம், என்கிட்ட தனியா வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாரியாயி!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில்.

“கூட்டத்துக்கு அப்புறம் ரெண்டு தடவ வந்தேண்ணே. நீங்கதான் கதவத் தொறக்கல.”