விழ மறுத்த கருப்புப் பந்து

"ஏனுங்க அம்மணி, நூறு சேர் போட்டிருக்கீங்க. பதினாலு பேருதான் உக்காந்திருக்காங்க. அதுலயும் நாலு பேரு உங்க ஊட்டு ஆளுங்களாட்டத் தெரியுது?"

வெங்கடபதி நயமாகத்தான் கேட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் தயாரிக்கிறவர். யாரையும் கடிந்து பேசிப் பழக்கமில்லை.

"அஞ்சு பேருங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள் லோகப்பிரியா.

மேசையில் குச்சியால் பந்தைக் குழியில் தள்ளுகிற பூல் ஆட்டத்துக்குக் கோவையில் தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்குவதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாண மண்டபத்துக்காரர்கள் சூதாட்டம் என்று கதவைச் சாத்தினார்கள். காரமடையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, பிள்ளைக்கு நீச்சல் டிரஸ் வாங்க வேண்டுமா என்று கேட்டார். எப்படியோ ஆறு ஆட்டக்காரர்களைச் சேர்த்து, அவிநாசி ரோட்டில் ஒரு பழைய குடோனைப் பிடித்து, ஆறு வாரம் ஓட்டிவிட்டாள். இருந்த ஒரே ஸ்பான்சரும் போன வாரம் கழன்றுகொண்டார். இன்றைய இறுதிப் போட்டி வெங்கடபதிக்குப் பிடித்தால் அடுத்த சீசன் உண்டு. இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

"தப்பா நெனைக்காதீங்க கண்ணு" என்றார் அவர். "போன வாரம் ஒரு ஆட்டம் பாத்தனுங்க. குச்சியை எடுத்தாங்க, டொக்கு டொக்குனு எல்லாப் பந்தையும் குழியில தள்ளிப்போட்டுப் போயிட்டாங்க. பாக்கறவனுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கோணுமுங்கல்ல?"

"இன்னைக்கு அடிக்குமுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. இறுதிக்கு வந்திருந்த தேஜாவும் ரித்விக்கும்தான் லீகிலேயே வேகமானவர்கள். ஐந்தே நிமிடத்தில் ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆட்கள்.

ஆனால் அன்று என்னவோ ஆட்டம் வேறு மாதிரி போனது. ஒருவன் ஜெயித்தால் அடுத்த ஆட்டத்தை மற்றவன் ஜெயித்தான். நாலுக்கு நாலு. செய்தி பரவி, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு உள்ளே வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் இருவரும் தங்கள் பந்துகளையெல்லாம் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது கருப்புப் பந்து மட்டும். அதைப் போடுகிறவனுக்குக் கோப்பை.

தேஜா அடித்தான். கருப்பு குழியின் உதட்டில் உரசி விலகிப் போனது.

"அடடா!" என்றது கூட்டம்.

ரித்விக் அடித்தான். ஒரு நூல் இடைவெளியில் தப்பியது. தேஜா தண்ணீர் குடித்தான், குச்சியைத் துடைத்தான், குனிந்து குறிபார்த்தான், தவறவிட்டான். மறுபடி ரித்விக். மறுபடி தேஜா. அரை மணி நேரம் ஆயிற்று. நடுவர் ஆரிஃப் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நூறு சேரும் நிறைந்து, ஜன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். வெங்கடபதி முறுக்கை வாயருகே கொண்டுபோய்விட்டுக் கடிக்க மறந்திருந்தார்.

கருப்பை எந்தக் குழியில் போடப்போகிறோம் என்று காட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இந்த முறை ரித்விக் தூரத்து மூலைக் குழியைக் கைகாட்டினான்.

"அங்கீங்களா?" ஆரிஃபே பதறிப்போனார். "இங்க பக்கத்துலயே குழி இருக்குதுங்களே!"

"அங்கதானுங்க."

ரித்விக் குனிந்து அடித்தான். கருப்பு புறப்பட்டு மேசையின் மூன்று பக்கங்களில் மோதியது. மெதுவாக உருண்டு, காட்டிய குழியிலேயே போய் விழுந்தது.

தகரக் கூரை அதிர்ந்தது. ரித்விக் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"பையனுக்குச் சந்தோசம் தாங்கலீங்க" என்று வெங்கடபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த சீசன் நம்முளுதுங்க அம்மணி. ரெண்டு வருசத்துக்குப் பேப்பர் ரெடி பண்ணுங்க. ஆனா ஒண்ணு, இவங்க ரெண்டு பேரும் மறுக்கா மோதோணும். என்னா போட்டி, என்னா வெறி!"

ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, லோகப்பிரியா மேசைக்குப் பின்னால் நின்ற இருவரிடமும் ஓடினாள்.

ரித்விக் தலையில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"மன்னிச்சுக்கோங்கக்கா" என்றான்.

"ஜெயிச்சுப்போட்டு எதுக்குப்பா மன்னிப்பு?"

"போன வெள்ளிக்கிழமைதானுங்க எங்க ஹர்ஷிணி அக்காவை இவருக்குப் பேசி முடிச்சாங்க. மாப்பிள்ளையைத் தோக்கடிச்சுப்போட்டு எந்த மூஞ்சியோட ஊட்டுக்குப் போவேன்? விழவே விழாதுன்னுதானுங்க அந்த மூலையைக் காட்டினேன்!"

தேஜா கூச்சத்தோடு காலரைச் சரிசெய்துகொண்டான். "எனக்கு மட்டும் என்னங்க, மச்சினனைத் தோக்கடிச்சுப்போட்டு அந்த ஊட்டுல பொண்ணு கட்ட முடியுமா? நானும் அரை மணி நேரமாத் தோக்கத்தானுங்க பாடுபட்டேன்."