ஒரு வேளைகூடத் தப்பவில்லை

டாக்டர் சுடர்விழி ஒரு காகிதத்தில் அவரைக்கொட்டை மாதிரி சிறுநீரகத்தை வரைந்து, அதற்குப் போகும் ரத்தக்குழாயை ஓரிடத்தில் பேனாவால் நெரித்தார்.

"வாய்க்கால் தூர்ந்துபோன மாதிரிதாங்க."

நன்னிலத்துக்காரர் என்று தெரிந்தால் தஞ்சாவூர் டாக்டர்களுக்கு வாய்க்கால்தான் முதலில் வாயில் வரும். சவரிராஜ் தலையை ஆட்டினார். அவர் மனைவி சகாயம்மாளுக்குப் பேனா நெரித்த இடத்தை விட்டுக் கண் நகரவில்லை.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். தொடை வழியாகக் கம்பியை விட்டு, சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைப்பது ஒன்று. மாத்திரையாலேயே பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது இன்னொன்று. முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான். அதனால் முதலில் மாத்திரையைத்தான் கொடுத்துப் பார்ப்பார்கள்.

"ஆனா உங்களுக்கு ஆறு மாசமா மூணு மாத்திரை குடுத்தும் பிரஷர் இருநூறுக்குக் கீழ இறங்கல. இனிமே ஸ்டென்ட்தான்."

கம்பி போகும்போது குழாய் கிழியலாம். படம் பார்க்க ஏற்றும் மருந்து சிறுநீரகத்தையே கெடுக்கலாம். எல்லாம் அபூர்வம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும் என்று சொல்லி, சம்மதப் படிவத்தையும் பேனாவையும் சகாயம்மாள் பக்கம் தள்ளினார்.

அவள் பேனாவைத் தொடவில்லை.

மூன்று மாத்திரை அவள் கொடுக்கவே இல்லை. கொடுத்தது ஒன்றுதான்.

அவள் அண்ணன் கை நிறைய மாத்திரை தின்றவர். கிட்னி கெட்டு, வாரம் மூன்று நாள் திருவாரூரில் டயாலிசிஸ் செய்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் அவரைக் கூட்டிப்போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சவரிராஜ்தான். மாத்திரைதான் கிட்னியைத் தின்றுவிட்டது என்று சாவுக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். வாத்தியார் வேலை பார்ப்பவர்கள்கூடச் சொன்னார்கள்.

அதனால்தான் தினமும் இரண்டு மாத்திரையை எடுத்து, மாதா படத்துக்குப் பின்னால் ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுவைத்தாள். புருஷன் கிட்னியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

இப்போது சொன்னால்? அவள் விஷத்தைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக் குடிக்கிற மனுஷன். அதற்கப்புறம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

சொல்லாவிட்டால் நாளைக் காலை எட்டு மணிக்குக் கம்பி.

"ஒரு வேளைகூடத் தப்பல டாக்டர்," என்றார் சவரிராஜ். "இவ கையாலதான் வாங்கித் திம்பேன்."

சட்டைப்பையில் இருந்த ஜெபமாலையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பயத்தில் மனுஷன் மனசுக்குள் ஜெபம் சொல்கிறார் என்று நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது.

படிவத்தில் பெயரைப் பாதி எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"ஒண்ணுதான் குடுத்தேன் டாக்டர். மத்த ரெண்டையும் எடுத்து வச்சிட்டேன். இவருக்கும் கிட்னி போயிடுமோன்னு..."

புருஷன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவர் கத்துவார் என்று குனிந்தபடியே காத்திருந்தாள்.

டாக்டர் படிவத்தை மெல்ல இழுத்து டிராயருக்குள் போட்டார்.

"அந்த ஒண்ணையாவது தினமும் சாப்பிட்டாராம்மா?"

"என் கண்ணு முன்னாடிதாங்க முழுங்குவாரு."

சவரிராஜ் சட்டைப்பைக்குள் கையை விட்டார். ஜெபமாலையோடு சிக்கிக்கொண்டு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. அதை மேசைமேல் வைத்து, தானே பிரித்தார்.

உள்ளே, எச்சில் ஈரத்தில் ஓரம் கரைந்து, இன்று காலை அவள் கண் முன்னால் அவர் விழுங்கிய மாத்திரை இருந்தது.