வெளியே யாருமில்லை

"வெளியே யாருமில்லை, நீ இங்கேயே இரு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வில்லி இருமினாள்.

வந்த இருமல் இல்லை, வரவழைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிஸ்ட் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்வதுபோல் நடித்தான் என்பதே சரி. அவனும் கூட்டுக் களவாணிதான்.

திரையில் கறுப்பு முகமூடிக்காரன் வாயைத் திறந்தபடி நின்றுபோனான். ஜப்பான் அனிமே கார்ட்டூன், தமிழ் டப்பிங். கோட்டைக்கு வெளியே அவனுடைய சிநேகிதனைக் கொல்ல ஒரு படையே காத்திருக்கிறது. இவனோ வெளியே யாருமில்லை என்று கூசாமல் புளுகுகிறான்.

முகமூடிக்குக் குரல் கொடுப்பவளுக்கு ஸ்டுடியோவில் வில்லி என்றே பெயர். தொண்டை அப்படி. ஏமாறுகிற சிநேகிதப் பையனுக்குக் குரல், குருவி. ஆளும் குருவி, குரலும் குருவி. டப்பிங் என்றால் இரண்டு பேரையும் ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள்.

காலையில் வசனம் படிக்கும்போதே குருவி கேட்டாள்: "இந்த முகமூடி ஏன்க்கா இப்படிப் பொய் சொல்றான்? உள்ளதச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா அந்தப் பய உள்ள இருப்பானாடி? நான் பேசிப் பாக்குறேன்னு கெளம்பிடுவான்."

அதன் பிறகுதான் வில்லி காபி எடுக்கக் கீழே போனாள். வரவேற்பறையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

குருவியின் புருஷன்.

மடியில் ஒரு பரிசுப் பொட்டலம். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம்.

முன்பும் இப்படித்தான் வந்தான், அழுதான், கூட்டிக்கொண்டு போனான். போன தடவை குருவி கழுத்தில் விரல் தடங்களோடு திரும்பி வந்தாள். வெகுநாள் பேச்சே வரவில்லை. இன்னொரு தடவை போனால் உயிரோடு திரும்புவாள் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

அவளிடம் சொல்லவும் முடியாது. "பாவம்க்கா அவரு" என்று படியிறங்கிவிடுவாள். அப்படி ஒரு மெழுகு மனசு, பாழாய்ப்போன மனசு.

குருவியின் அண்ணனுக்கு போன் போட்டு, எப்படியாவது பறந்து வா என்றாள். ரெக்கார்டிஸ்டின் காதைக் கடித்தாள். பிறகு ஒன்றும் நடக்காதவள்போல் உள்ளே வந்து பூத் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பூத்துக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. போன்கள் வெளியே. ரெக்கார்டிஸ்ட் பட்டனை அழுத்திப் பேசினால்தான் ஹெட்போனில் சேதி வரும். ஆளுக்கொரு பட்டன்; அழுத்தினால் மறுபடி அழுத்தும்வரை அதன் விளக்கு எரியும்.

"அக்கா, இன்னும் கீழதான் இருக்காராம். அழுறாராம்," என்று ரெக்கார்டிஸ்ட் வில்லியின் காதில் சொன்னான்.

அவள் முகத்தைத் திரைப்பக்கம் வைத்துக்கொண்டாள். அடுத்த டேக்கில் வசனத்தை விழுங்கினாள். அதற்கடுத்ததில் தாளைக் கீழே போட்டாள்.

கடவுள் புண்ணியத்தில் குருவியும் இன்று சொதப்பினாள். ஒரே டேக்கில் ஊதித் தள்ளுகிறவள், "சரிடா, நீ சொன்னா யாருமில்லதான்" என்கிற ஒற்றை வரியில் தடுக்கித் தடுக்கி விழுந்தாள். யாருமில்ல என்று வரும்போது குரல் உடைந்தது.

நல்லதாகப் போயிற்று என்று வில்லி நினைத்துக்கொண்டாள். இவள் போய்விட்டால் தன் பிழைப்பிலும் பாதி போய்விடும் என்ற நினைப்பும் ஓரமாக எட்டிப் பார்த்தது. சீ, போ என்று அதை விரட்டத் தோன்றவில்லை. அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

"அக்கா, மேல வரணும்னு அடம் பிடிக்கிறாராம். அவ வராம போகமாட்டேங்கிறாராம்."

அந்த நேரம் பார்த்துக் குருவி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேங்க்கா."

போனால் தீர்ந்தது கதை. மாடிப்படியில் நின்றாலே வரவேற்பறை தெரியும்.

"எங்கடி போற? தரையில மருந்து அடிச்சு வச்சிருக்காங்க, கால் வச்சா வழுக்கும். வெளிய ஒரு ஈ காக்கா இல்ல. உக்காரு."

வாய்க்கு வந்த பொய். அவளுக்கே நம்பும்படியாக இல்லை.

குருவி கதவைப் பார்த்தாள். வில்லியைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அப்பாடா.

மறுபடி டேக். மறுபடி இருமல். மறுபடி குருவியின் தடுமாற்றம். அப்படியே ஒரு யுகம் போனது.

கடைசியில் ரெக்கார்டிஸ்ட் குரல் வந்தது. "அக்கா, அண்ணன் வந்துட்டாரு. அந்தாளு போயிட்டாராம். நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காராம்."

வில்லி மூச்சு விட்டாள். இருமல் போன இடம் தெரியவில்லை. முகமூடிக்காரனின் பொய்யை ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள்.

"சரிடா," என்றாள் குருவி. "நீ சொன்னா யாருமில்லதான்."

உதட்டசைவு அச்சு அசலாகப் பொருந்தியது. குரல் உடையவில்லை.

பேஷ் என்று சொல்லத் திரும்பிய வில்லி கண்ணாடியைப் பார்த்தாள். ரெக்கார்டிஸ்ட் கட்டைவிரலை உயர்த்தவில்லை. முகம் வெளுத்துப்போய் மேசையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

மேசையில் பட்டன் விளக்குகள் இரண்டும் எரிந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று குருவியுடையது. பதற்றத்தில் முதலிலிருந்தே இரண்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறான், பாவி.

அப்படியென்றால் ஒவ்வொரு சேதியும் குருவியின் காதிலும் விழுந்திருக்கிறது.

குருவி அவளைப் பார்க்கவில்லை. ஒரு கையால் தன் கழுத்தைப் பொத்தியிருந்தாள். இன்னொரு கை வில்லியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. சில்லென்றிருந்தது.

"இன்னொரு டேக் போலாமாக்கா?" என்றாள்.