அப்போது வெட்டிய காட்சி

“அத்தை, நீங்களும் வந்திருக்கணும்! அந்தப் பழைய விண்வெளிப் படத்துல, அப்போ வெட்டின சீனை இப்போ சேர்த்து ரிலீஸ் பண்ணியிருக்காங்க.” புது மாப்பிள்ளைக்குப் பரபரப்பு அடங்கவில்லை.

“எந்த சீன்?” துணி மடித்துக்கொண்டே கேட்டாள் மாமியார்.

“கப்பலுக்கு வெளியே தொங்கிட்டிருந்த ஹீரோ, பிடி விட்டு விழறது. ஹெல்மெட்டுல மூஞ்சியே தெரியலை. ஆனா என்னமா நடிச்சிருக்கான்! தியேட்டரே கைதட்டுச்சு.”

“விழறதுக்கு முன்னாடி வலது கையை ரெண்டு தடவை ஆட்டுறாரா?”

“ஆமா! நீங்க எங்கே பார்த்தீங்க?”

“செட்டுல. அந்த உடுப்பைத் தைச்சவ நான். உள்ளே இருந்தது ஹீரோ இல்லை, டூப். கயிறு நழுவுனா கையை ஆட்டணும், உடனே இறக்கிடுவோம்னு சொல்லியிருந்தாங்க.”

மடித்த துணி அவள் மடியிலேயே கிடந்தது.

“உங்க மாமனாரு ஆட்டினாரு. ‘பிரமாதமா நடிக்கிறான், கேமராவை நிறுத்தாதே’ன்னாரு டைரக்டர்.”