ஏறுகிற கோடு

“கோடு ஏறியிருக்கு சார்” என்றாள் ஜெனிஃபா.

வேதாசலம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். திரையில் ஒரு நீலக் கோடு. ஆம்பூர் பைபாஸில் இருக்கும் அவருடைய ஷூ கம்பெனியின் வெப்சைட்டை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லும் கோடு. மூன்று மாதமாகத் தரையோடு படுத்துக் கிடந்தது, இந்த வாரம் தென்னை மரம் போல நிமிர்ந்திருந்தது.

“எந்த ஊர்க்காரன் பாக்குறான்?”

“ஜெர்மனிதான் சார் ஜாஸ்தி. போன வாரம் நாப்பது பேர். இந்த வாரம் எண்ணூறு.”

வேதாசலத்துக்கு வயிறு குளிர்ந்தது. சுப்பராயனின் முகம் கண் முன்னால் வந்து போனது. பதினைந்து வருஷம் கூட்டாளியாக இருந்தவன், போன வருஷம் தனியாகக் கம்பெனி ஆரம்பித்தான். போகும்போது ஜெர்மன்காரனின் ஆர்டரையும் கையோடு தள்ளிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து வேதாசலத்துக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

2007 ஜனவரியில் ஜெனிஃபா வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அந்தத் துரோகி பேரைப் போட்டுத் தேடினாக்கூட என் கம்பெனிதான் மொதல்ல வரணும். அதைப் பாத்து அவன் சாவணும். எவ்ளோ ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது சார். எத்தனை பேர் வர்றாங்க, எந்த வார்த்தையைத் தேடி வர்றாங்க, எந்தப் பக்கத்தைப் படிக்கிறாங்க, எல்லாத்தையும் கூகுளே இலவசமா காட்டும்.”

“ஓசியா? அப்ப எல்லாத்தையும் போடும்மா.”

காட்பாடியில் படித்தவள். பெங்களூரில் வேலை கிடைத்தும் போகாமல் இங்கே வந்திருந்தாள். “அப்பா இன்னா பண்றார்?” என்று கேட்டதற்கு, “இல்ல சார்” என்றாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. வாய் கம்மி, வேலை ஜாஸ்தி. அவருக்கு அது பிடித்திருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும், வெப்சைட்டில் ஏற்றப்போகும் பக்கங்களைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து வைப்பாள்.

“ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார்.”

“எல்லாம் இங்கிலீஷு. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு எங்கம்மா பொறுமை? நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். மை காயும்வரை அவள் அசையாமல் நிற்பாள். பிறகு ஃபைலில் கோத்து வைப்பாள்.

“எந்தப் பக்கத்தை ஜாஸ்தி படிக்கிறாங்கன்னு கீழ இருக்கு சார். காட்டட்டுமா?” என்றாள் இப்போது.

“அதெல்லாம் இன்னாத்துக்கு? கோடு ஏறுதா, அது போதும். ஜெர்மன்காரன் என்கிட்டயே திரும்பி வரப்போறான் பாரு. சுப்பராயன் ரோட்ல நிக்கப்போறான்.”

“மெயில் வந்திருக்கு சார். ஜெர்மனியிலேர்ந்து.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சொன்னேனா இல்லியா? படி, படி. தமிழ்லயே சொல்லு.”

ஜெனிஃபா நிதானமாகச் சொன்னாள். “உங்களுக்கே மறுபடி ஆர்டர் தரலாம்னு இருந்தோம். உங்க வெப்சைட்ல நீங்களே எழுதியிருக்கிறதைப் படிச்சோம். இனிமே ஒரு ஜோடி ஷூகூட உங்ககிட்ட வாங்க மாட்டோம். இங்க இருக்கிற மத்த கம்பெனிங்களுக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கோம்.”

“நான் எழுதினேனா? இன்னா எழுதினேன்?”

அவள் ஒரு பக்கத்தைத் திறந்தாள். எண்ணூறு பேரும் படித்த பக்கம். ‘எங்கள் கம்பெனியின் வரலாறு’ என்று தலைப்பு. வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

“1994 ஆகஸ்ட்ல, எங்க தோல் பதனிடுற ஷெட்டோட கழிவுத் தண்ணித் தொட்டிக்குள்ள ஜோசுவாங்கிற தொழிலாளியை முகமூடி இல்லாம எறக்கினோம். விஷவாயு தாக்கி உள்ளயே செத்துட்டார். குடிச்சுட்டுத் தவறி விழுந்தார்னு இங்கிலீஷ்ல ஒரு தாள் எழுதி, ஆஸ்பத்திரி வராந்தாவுல அவர் சம்சாரம் ஆரோக்கியமேரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டோம்.”

வேதாசலம் திரையைக் கையால் மறைத்தார்.

“யாரைக் கேட்டு இதைப் போட்டே?”

அவள் ஃபைலைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அதே பக்கம். அடியில் பச்சை மையில் அவருடைய கையெழுத்து, தேதியோடு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஆரோக்கியமேரியிடம் நீட்டிய தாளை எழுதியபோது அறைக்குள் இருந்தது இரண்டே பேர். அவர் ஒருவர், இன்னொருவன் சுப்பராயன்.

“அவன்தானே உன்னை அனுப்பினான்?” பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். “எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் இது தெரியும். கூட இருந்தே குழி பறிச்சுட்டான். அவனுக்கு நீ இன்னா வேணும்? சொல்லு, யாரு நீ?”

ஜெனிஃபா ஃபைலை மூடினாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

“படிக்காம கையெழுத்துப் போட்ட ஆரோக்கியமேரியோட பொண்ணு சார்.”